வெலிச்கா அத்தையின் தலையசைப்பு

உங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நிற்கும் காப்பி இயந்திரத்தில் சர்க்கரைப் பொத்தானைத் தப்பான இடத்தில் வைத்திருக்கிறார்கள். காப்பிக்கான பொத்தான் கண்ணுக்கு நேரே இருக்கிறது. தொட்டவுடன் ஊற்றத் தொடங்கிவிடுகிறது. சர்க்கரைக்கானது எங்கோ கீழே, ஓரத்தில். நீங்கள் அழைக்கும்வரை எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கசப்புக் காப்பியோடுதான் படியேறினார்கள். ஒரு காவலர் முதல் வாய் குடித்து முகத்தைச் சுளித்து, "வரவர எனக்குப் புத்தியே இல்ல" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். இயந்திரத்தை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் தொழில் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. நான் வங்கிக்கு ஆப் வடிவமைக்கிறவன். அதற்குள் ஓடும் நிரலை எழுதுவது வேறு ஆட்கள். திரையில் எது எங்கே இருக்க வேண்டும், எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எதைக் கேட்கலாம், எதைக் கேட்டால் மனிதர்கள் மிரண்டுபோவார்கள் என்று தீர்மானிப்பவன் நான். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் முதல் நாளே ஒன்றைச் சொல்வேன். ஒருவர் திரைக்கு முன்னால் தடுமாறினால் தப்பு அவருடையது இல்லை, நம்முடையது. அதை இன்றும் நம்புகிறேன். இதையும் நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

என்னை யாரும் பிடித்து வரவில்லை, நானாக வந்தேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். என்னோடு வேலை பார்த்த இஸ்க்ரா எனக்கு முன்னாலேயே வந்து புகார் கொடுத்திருக்கிறாள் என்று தெரியும். இருந்தாலும் நானாகத்தான் வந்தேன்.

நம் ப்ளோவ்திவ் நகரின் த்ராக்கியா குடியிருப்பில் வங்கிக் கிளையை மூடியபோது அங்கிருந்த கிழவர்கள் எல்லோரும் ஓய்வூதியத்துக்காக நகரத்தின் நடுவே வந்து வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. அவர்களுக்காக ஒரு ஆப் செய்ய வேண்டும் என்று என் மேலதிகாரி கலோயான் கேட்டார். கிழவர்களுக்கு ஆப் செய்வதற்கு முதலில் கிழவர்கள் வேண்டும். இஸ்க்ரா அந்தக் குடியிருப்பின் ஓய்வூதியர் சங்கத்துக்குப் போய்ச் சிலரைப் பேசி அழைத்து வந்தாள். அவர்களில் ஒருவர்தான் வெலிச்கா அத்தை.

அவர் டிராலி பஸ் ஓட்டியவர். கணவர் க்ரூம் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. ஆறாவது மாடியில் இரண்டு அறை வீடு, சொந்த வீடு. முதல் நாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது கையில் சுடச்சுட ஒரு தட்டு பாலாடைக்கட்டிப் பனிட்சா கொண்டுவந்தார். சோதனைக்கு வருகிறவர்கள் பொதுவாகப் பயந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர் போனை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைத்தான் சோதித்தார்.

"ஏன்டா, இந்தப் பொத்தானுக்கு என்ன வெட்கம்? மூலைல போய் ஒளிஞ்சுக்கிட்டு நிக்குது."

"அது ரத்து செய்யற பொத்தான், அத்தை. தெரியாம பட்டுடக் கூடாதுன்னு."

"ரத்துன்னா பிரேக்தானே? பிரேக்கை ஒளிச்சு வெச்சுட்டு பஸ்ஸு விட்டா பாதி ஊரு செத்துப்போயிருக்கும். முன்னால கொண்டு வாடா."

கொண்டுவந்தேன். அடுத்த மாதத்திலிருந்து தப்பாக அனுப்பிய பணத்துக்காக வங்கிக்கு வந்த அழைப்புகள் பாதியாகக் குறைந்தன. அதன் பிறகு ஒவ்வொரு திரையையும் முதலில் அவரிடம்தான் காட்டுவேன். எனக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது. இதை உங்கள் இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. நடந்ததெல்லாம் அந்தப் பிரியத்தை வைத்துத்தான் நடந்தது.

நம் ஊரில் ஜாமீன் விஷயம் எப்படிப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். சொந்தக்காரன் பூவும் சாக்லேட் பெட்டியுமாக வந்து உட்காருவான். ராக்கியாச் சாராயம் ஊற்றி, ஊர்க் கதையெல்லாம் பேசிவிட்டுக் கடைசியில், கடன் வாங்குகிறேன், ஒரு கையெழுத்துதான், உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை என்பான். மேஜையில் அவன் கொண்டுவந்த பூ இருக்கும்போது மாட்டேன் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. பிறகு தலையில் துண்டைப் போட்டுக்கொள்வார்கள். க்ரூம் தன்னோடு வேலை பார்த்த ஒருவனுக்கு அப்படிக் கையெழுத்துப் போட்டு, அந்தக் கடனைப் பல வருடம் தன் சம்பளத்திலிருந்து கட்டினார். வெலிச்கா அத்தை அந்தக் கதையை எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார்.

"சாகறப்போ கையப் புடிச்சு சத்தியம் வாங்கினாருடா. பெத்த தாய்க்கே ஆனாலும் ஜாமீன் போடாதேன்னு. நானும் சரின்னேன். ஆனா மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னு சொல்றதுக்குத்தான் வாய் வர மாட்டேங்குது."

"வாய் வராட்டி என்ன பண்ணுவீங்க?"

"தலை வருமே" என்றார். முகவாயை மேலே வெட்டி, நாக்கைத் தட்டி 'த்ச்' என்றார். எல்லோரும் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பிலிருந்துதான் எனக்கு யோசனை வந்தது. ஜாமீன் கேட்கிறவன் தன் போனில் ஒருவரின் பெயரைக் கொடுப்பான். அவர் தன் வீட்டில், தனியாக, தன் போனை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டால் ஒரு குரல் நிதானமாகக் கேட்கும்: இன்னாருடைய கடனுக்கு நீங்கள் ஜாமீன் நிற்கச் சம்மதமா? கண்ணாடி தேட வேண்டாம், எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டாம். தலையை அசைத்தால் போதும். அவர் மறுத்தால், கேட்டவனுக்கு அவர் மறுத்தார் என்று போகாது. வங்கி ஏற்கவில்லை என்றுதான் போகும். பழி வங்கியின்மேல், உறவு அப்படியே இருக்கும். என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியம் எது என்று கேட்டால் இன்றும் இதைத்தான் சொல்வேன்.

சோதனையின்போது பதிலுக்குப் பிறகு இன்னொரு திரை வைத்திருந்தோம். நீங்கள் சொன்னது இதுதானா, சரிபாருங்கள் என்று பெரிய எழுத்தில் கேட்கும். வெலிச்கா அத்தைக்கு அது எரிச்சலாக இருந்தது. "ஒரு தடவ சொன்னாப் போதாதா? நான் என்ன செவிடா, இல்ல அது செவிடா?" என்றார். மற்றவர்களும் அங்கேதான் குழம்பினார்கள். எடுத்துவிட்டேன். ஒப்பந்தத்தின் நகலும் யாரையும் மிரட்டாமல் ஆப்பின் உள்ளே ஒரு இழுப்பறையில் போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும்படி செய்தேன். அப்போது என் மனதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை.

தலை அசைவைப் புரிந்துகொள்ளும் பகுதியை நாங்கள் செய்யவில்லை. வெளிநாட்டில் ஒரு நிறுவனத்திடம் வாங்கினோம். அவர்கள் ஊரில் மேலும் கீழும் ஆட்டினால் சம்மதம், பக்கவாட்டில் ஆட்டினால் மறுப்பு. நமக்கு நேர் எதிர். உங்களிடம் இதை விளக்க வேண்டியதில்லை, இங்கே ஓட்டலுக்கு வரும் ஒவ்வொரு வெளிநாட்டுக்காரனும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. இஸ்க்ரா முதல் நாளே அதைத் திருப்பிப் போட்டாள். ஒரே ஒரு அமைப்பு, ஒரு சுவிட்சு மாதிரி. எல்லாம் சரியாக நடந்தது. பிறகு அவளுக்குப் பிரசவம், நீண்ட விடுப்பில் போனாள்.

அவள் போன பிறகு வெளிநாட்டு நிறுவனம் தங்கள் பகுதியைப் புதுப்பித்து அனுப்பியது. புதியதைப் போட்டபோது அந்தச் சுவிட்சு பழையபடி அவர்கள் ஊர் வழக்கத்துக்கே திரும்பிவிட்டது. அது யாருடைய குற்றமும் இல்லை. யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஜாமீன் சம்மதங்கள் ஏறின. கலோயான் நல்ல சேதி வந்தவர் செய்கிற மாதிரி சாக்லேட் பெட்டியோடு ஒவ்வொரு மேஜையாக வந்தார். "மனுஷங்க உன்ன நம்புறாங்கடா யாவொர்" என்று என் தோளைத் தட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. சோஃபியாவில் ஒரு பெரிய கூட்டத்தில் என்னைப் பேச அழைத்திருந்தார்கள். முதியவர்களை மதிக்கும் வடிவமைப்பு என்பதுதான் தலைப்பு. பேச்சில் காட்டுவதற்கு நல்ல காட்சியாக ஏதாவது கிடைக்குமா என்று, ஒவ்வொரு பதிலின்போதும் ஆப் எடுத்துச் சேமித்திருந்த ஒளிப்பதிவுகளைத் திறந்தேன்.

முதல் பதிவில் பஸார்ஜிக்கைச் சேர்ந்த ஒரு முதியவர், பனியனோடு, சமையலறையில். குரல் கேட்டு முடிக்கும் முன்பே முகவாயை மேலே வெட்டினார். 'த்ச்' என்ற சத்தம்கூடப் பதிவாகியிருந்தது. திரையின் ஓரத்தில் பச்சைக் குறி: சம்மதம்.

அடுத்ததைத் திறந்தேன், அதற்கடுத்ததையும். சிலர் கனிவாக மறுத்தார்கள். ஒரு பெண்மணி மறுத்துவிட்டு உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டார், மகனோ மருமகனோ கேட்டிருப்பான். பக்கவாட்டில் ஆட்டிச் சம்மதம் சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குச் சிவப்புக் குறி விழுந்திருந்தது. ஆனால் மறுப்பவர்கள்தான் அதிகம். யாருக்கும் நேருக்கு நேர் சொல்ல முடியாத சொல்லை, நான் செய்து கொடுத்த வசதியால், நிம்மதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மடிக்கணினியை மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன். வெள்ளரிக்காய் போட்ட குளிர்ந்த தயிர்த் தராத்தோர் குடித்தேன், வெயில் காலம்.

சரி செய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டீர்கள். இந்தக் காப்பி ஆறும் நேரம்கூட ஆகாது. ஆனால் சரி செய்தால் அதற்கு முன் பதிவானவர்கள் எல்லோருக்கும் தகவல் சொல்ல வேண்டும். சோஃபியாக் கூட்டத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அது முடியட்டும் என்று நினைத்தேன்.

கூட்டத்துக்கு வெலிச்கா அத்தையையும் அழைத்துப் போனேன். முடிக்குப் புதிதாகச் சாயம் பூசி, ஜாக்கெட்டில் ஊசிப் பூ குத்திக்கொண்டு வந்திருந்தார். மேடையில் அவரே போனை வைத்துச் செய்து காட்டினார். பக்கவாட்டில் தலையாட்டினார், பச்சை விழுந்தது. முகவாயை உயர்த்தினார், சிவப்பு விழுந்தது. அரங்கமே கைதட்டியது. மைக்கை என்னிடமிருந்து பிடுங்கி, "இவன் செஞ்ச பஸ்ஸுல பிரேக் நல்லாப் புடிக்குது" என்றார். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

அந்த ஒரு போனில் மட்டும் சுவிட்சை முந்தின நாளே நான் திருப்பி வைத்திருந்தேன். எனக்குத் தெரியாது என்று என் வழக்கறிஞர் சொல்லச் சொல்கிறார். தெரியாதவன் ஒரு போனில் மட்டும் எப்படிச் சரிசெய்திருப்பான் என்று நீங்கள் கேட்பீர்கள். அதனால் அதை நானே சொல்லிவிடுகிறேன்.

கூட்டம் முடிந்தது. அதைப் பார்த்த வேறொரு வங்கி கலோயானிடம் பேச வந்தது. அந்தப் பேச்சு முடியட்டும் என்றிருந்தேன். பிறகு கிறிஸ்துமஸ். நாள் போகப்போக, சொல்ல வேண்டியவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. கூடக்கூடச் சொல்வது கடினமாயிற்று. அதோடு ஒரு புகாரும் வரவில்லை. கடன் வாங்கியவர்கள் பெரும்பாலும் கட்டிவிடுகிறார்கள். தாங்கள் ஜாமீன் என்பது ஜாமீன் நிற்பவர்களுக்குத் தெரிவதேயில்லை. கலோயான் கட்டளையிட்டாரா என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். இல்லை. அவருக்கு இன்றுவரை தெரியாது. அவர் சாக்லேட் கொடுத்தார், அவ்வளவுதான்.

அந்தக் கூட்டம் முடிந்து, அதே கோடையிலேயே வெலிச்கா அத்தையின் தங்கை மகன் மோம்சில், அசெனோவ்கிராத் சாலையில் கார் கழுவும் கடை போடக் கடன் கேட்டிருக்கிறான். பூவும் சாக்லேட்டுமாக வந்து ராக்கியா குடித்திருக்கிறான். அத்தை, "பேரக் குடுத்துட்டுப் போடா, போன் கேக்கும், நான் பதில் சொல்றேன்" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவைத்துவிட்டு, நான் சொல்லிக் கொடுத்தபடியே தனியாக உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கிறார். இது எனக்கு அப்போது தெரியாது. சரிசெய்திருந்தால் அவர் தப்பியிருப்பார் என்று நீங்கள் சொல்வது உண்மைதான். நானும் அதை நினைக்காத நாளில்லை.

கடை ஓடவில்லை. அடுத்த வருடம் மோம்சில் ஸ்பெயினுக்கு வேலைக்குப் போய்விட்டான். வங்கி வழக்குப் போட்டது, வீட்டுக்கு ஜப்தி வந்தது. கட்டடத்தின் வாசல் கதவில், க்ரூமின் நினைவு நாளுக்காக அத்தை ஒட்டியிருந்த படத்தாளுக்குப் பக்கத்திலேயே ஜப்தி அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனார்கள். அத்தை வங்கியைக் கூப்பிடவில்லை. என்னைத்தான் கூப்பிட்டார்.

"யாவொர், ஏதோ தப்பு நடந்திருக்குடா. நீ வந்து பாரு. உன் பஸ்ஸு, உனக்குத்தான் தெரியும்."

அன்று மன்னிப்பு ஞாயிறு. சின்னவர்கள் பெரியவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கும் நாள். வெறுங்கையோடு போகக் கூடாது என்று வெள்ளை அல்வா வாங்கிக்கொண்டு போனேன். போகும் முன் அவருடைய ஒளிப்பதிவைத் தேடி எடுத்துப் பார்த்தேன். என் போனில் ஒரு பிரதி போட்டுக்கொண்டேன். ஏன் போட்டுக்கொண்டேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. காட்டிவிடலாம் என்று பாதி மனம் நினைத்திருக்கலாம்.

வீடு எப்போதும்போலச் சுத்தமாக இருந்தது. அவர் மட்டும் முகம் கழுவாதவர்போல இருந்தார்.

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன்" என்றார், நான் உட்காரும் முன்பே.

"அதுல சம்மதம்னு பதிவாயிருக்கு, அத்தை."

"பதிவாயிருக்கலாம். நான் சொல்லலியே."

என் தொழிலில் ஒரு விதி உண்டு. எதிரில் இருப்பவரிடம் கேள்வி கேட்கும்போது பதிலை அவர் வாயில் வைக்கக் கூடாது. மனிதர்கள் நல்லவர்கள், கேட்கிறவர் எதிர்பார்க்கும் பதிலைக் கொடுத்துவிடுவார்கள். அதனால் கேள்வியைச் சமமாக வைக்க வேண்டும். அதற்காகவே பல வருடம் பழகியிருக்கிறேன். அன்று அந்த விதியைத் தெரிந்தே மீறினேன்.

"அன்னிக்கு என்ன கிழமைன்னு ஞாபகம் இருக்கா?"

"கிழமையா? அதெப்படிடா இருக்கும்."

"சாப்பிடறதுக்கு முன்னாலயா, அப்புறமா?"

"தெரியலையே."

"ரத்த அழுத்த மாத்திரை அன்னிக்குப் போட்டிருந்தீங்களா? அது போட்டா சிலருக்கு மயக்கமா இருக்கும்."

அவர் அலமாரியில் இருந்த மாத்திரைப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை மறக்க முடியவில்லை. அதுவரை ஒரு டிராலி பஸ் ஓட்டுநர் என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். பெட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர் ஒரு கிழவி.

"கடன் கிடைச்சதும் மோம்சில் வந்தானா?"

"வந்தான். கட்டிப்புடிச்சு அழுதான். உன்னாலதான் பெரியம்மான்னான், வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னான். நான் வாயத் தொறக்கல. வேற யாரோ ஜாமீன் நின்னிருப்பாங்க, நான் மறுத்தது இவனுக்குத் தெரியலன்னு நெனச்சுக்கிட்டேன். நீதானே சொன்னே, மறுத்தா தெரியாதுன்னு."

"நீங்க மறுத்திருந்தா அவன் நன்றி சொன்னப்போ எப்படி அத்தை வாங்கிக்கிட்டீங்க? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சம்மதிச்சதாலதானே?"

மேஜைத் துணியின் சுருக்கத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

"அந்தப் போன் என் மூஞ்சியப் புடிச்சுதே. அதக் காட்டேன். நானே பாத்துக்கறேன்."

"அதெல்லாம் வெச்சுக்க மாட்டாங்க, அத்தை. சட்டம் அப்படி" என்றேன். போன் என் சட்டைப் பையில் இருந்தது.

"அப்படியா" என்றார். அதற்கு மேல் வாதாடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவராகவே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். போன வாரம் அடுப்பை அணைக்க மறந்ததாம். பக்கத்து வீட்டுக்காரியின் பேரன் பெயர் வாயில் வரவில்லையாம். எழுபது தாண்டியவர்கள் எல்லோருக்கும் நடப்பதுதான், என் அம்மாவுக்கும் நடக்கிறது. ஆனால் நான், "ஆமா அத்தை, டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடலாம்" என்றேன்.

"க்ரூமுக்குச் சத்தியம் பண்ணினதக்கூட மறந்துட்டேனேடா" என்று சொல்லி அழுதார். வீட்டைப் பற்றி அழவில்லை. என்னால் தாங்க முடியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அன்றைய நாளின் வழக்கப்படி, "என்னை மன்னிச்சிருங்க அத்தை" என்று சொல்லி முத்தமிட்டேன். அவரும் வழக்கப்படி, "கடவுள் மன்னிப்பாரு, நானும் மன்னிச்சேன்" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன் மேல ஒரு தப்பும் இல்ல. நீ நல்லாத்தான் செஞ்சு குடுத்தே. எனக்குத்தான் மண்ட மழுங்கிப்போச்சு" என்றார். வழியில் சாப்பிட என்று பனிட்சாவைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். மாடிப்படியில் உட்கார்ந்து நான் அழுதேன். இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். மன்னிப்புக் கேட்டாயா என்று நீங்கள் ஆரம்பத்தில் கேட்டீர்களே, கேட்டேன். அவர் கொடுத்தார்.

வீடு போனதும் அவருக்கு முதியோர் இல்லம் நான்தான் பார்த்துக் கொடுத்தேன். ஜன்னலிலிருந்து மலை தெரியும் அறை. முதல் சில மாதக் கட்டணத்தை நானே கட்டினேன். போய்ப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் சுருங்கியிருந்தார். அடுப்புப் பக்கமே போவதில்லை, பயம் என்றார். சாப்பிட்டேனா என்று பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். யார் எதைச் சொன்னாலும் சரி என்று கேட்டுக்கொண்டார். மருத்துவர்கள் அவருடைய மூளையில் ஒன்றும் இல்லை, வயதுக்கு நன்றாகவே இருக்கிறது என்றார்களாம். அதையும் அவர் நம்பவில்லை.

இஸ்க்ரா விடுப்பு முடிந்து வந்ததும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு அத்தையைப் பார்க்கப் போயிருக்கிறாள். திரும்பி வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"வெலிச்கா அத்தை ஜாமீன் போட்டாங்களாம்."

"ஆமா, பாவம். வயசாயிடுச்சு."

"அவங்க செத்தாலும் போட மாட்டாங்க, யாவொர். உனக்கும் அது தெரியும்." குரலை உயர்த்தாமல் கேட்டாள். "அந்தச் சுவிட்சு இப்ப எந்தப் பக்கம் இருக்கு?"

அவள் தானே போய்ப் பார்த்துக்கொண்டாள். அன்று மாலையே உங்களிடம் வந்திருக்கிறாள்.

அத்தையைச் சாட்சிக்கு அழைக்கப் போவதாகச் சொன்னீர்கள். அழைக்கலாம். ஆனால் உங்களுக்கு அவரால் பயன் இருக்காது. போன முறை நான் பார்த்தபோது அந்த நாளை எனக்கு விவரமாகச் சொன்னார். ஜன்னல் திறந்திருந்ததாம், மாத்திரை போட்ட மயக்கமாம், மோம்சில் சின்னப் பையனாக இருந்தபோது தன் பஸ்ஸில் முன் இருக்கையில் உட்கார்ந்து வந்தது நினைவுக்கு வந்ததாம், சரி போகட்டும் என்று தலையைப் பக்கவாட்டில் ஆட்டினாராம். ஆட்டியும் காட்டினார். உங்களிடமும் அப்படித்தான் சொல்வார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. அதை அவர் நினைவில் வைத்தது நான்.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் எழுத வசதியாக இருக்கும். தவறு இருப்பது எனக்குத் தெரியும். சோஃபியாவுக்குப் போவதற்கு முந்திய வாரத்திலிருந்தே தெரியும். யாரும் என்னைத் தடுக்கவில்லை, யாரும் சொல்லச் சொல்லவும் இல்லை. புத்தி தெளிவாக இருந்த ஒரு பெண்ணை, அவருடைய வீட்டிலேயே உட்கார்ந்து, அவருக்குப் புத்தி போய்விட்டதாக நான் நம்ப வைத்தேன். அவர் கேட்ட சான்று அப்போது என்னிடம் இருந்தது.

இப்போதும் இருக்கிறது. இதோ, இந்தப் போனில். நீங்கள் எடுத்துக்கொள்வதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள், நான் அடிக்கடி பார்ப்பேன். நீலப் பருத்திச் சட்டை போட்டிருக்கிறார், பின்னால் க்ரூமின் படம். போனை எந்த உயரத்தில் பிடிக்க வேண்டுமோ அந்த உயரத்தில் பிடித்திருக்கிறார். கண்ணாடி இல்லை, பக்கத்தில் உதவிக்கு ஆளில்லை. குரல் கேட்டு முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து, முகவாயை உயர்த்தி, மறுக்கிறார். எத்தனையோ பேரை உட்கார வைத்துச் சோதித்திருக்கிறேன். யாருமே நான் செய்ததை இவ்வளவு அழகாகப் பயன்படுத்தியதில்லை. பாருங்கள், ஓர் இடத்தில்கூட அவர் தடுமாறவில்லை.